புழுங்கல்

சேறும் சேறும் கூடுமிடமென்று
ஊருக்குப் பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.
கிள்ளான் ரயிலை விட்டு இறங்கியதும்
கோலாலம்பூர் என் ஒற்றைச் செருப்பை வாங்கிக்கொண்டது.
மற்றதை நானே எறிந்தேன்.
அதைப் பார்த்துச் சிரித்தவர்தான் என் புருஷன்.
கலியாணத்தில் நான்கு நாள் பார்த்த முகம்
அதற்குள் காய்ச்சலில் பாதியாகியிருந்தது.

நன்னித்தம்பி டொக்டர்.
மானிப்பாயில் எலும்புகளைத் தமிழில் படித்தவர்.
இங்கே எலும்பு முறிந்து வருகிறவனுக்குத் தமிழ் தெரியாது.
இவர் தொடுவார், அவன் கத்துவான்.
அவ்வளவு மொழி போதுமாயிருந்தது.

கணக்குப் புத்தகம் என் வேலை.
புடு, காலில் மண்வெட்டி: ஒரு சிரங்கை ஈயமணல்.
பத்து ரோட், பிரசவம்: இரண்டு சேவல், ஒன்றுக்குக் கண் தெரியாது.
அம்பாங், கரடி கிழித்த தோள்: பிறகு தருவானாம்.
சூதாட்டக் கொட்டகை, கத்திக்குத்து: மூன்று வெள்ளி,
குத்தியவனே கொண்டுவந்து கட்டினான்.

மீதிப் பக்கமெல்லாம் கால் வீக்கம்.
விரலால் அழுத்தினால் குழி விழும்.
குழி நிரம்புமுன் அவர் அடுத்த பாயருகே இருப்பார்.
நேற்றுக் கூடை சுமந்தவன்
இன்று தன் மூச்சைச் சுமக்க முடியாமல் சாய்ந்தான்.
காரணம் என்ற இடத்தில் எழுதினார்: ஈரம்.
அடுத்த மாதம்: கெட்ட காற்று.
அதற்கடுத்த மாதம் அந்த இடத்தை வெறுமையாய் விட்டார்.

ஒரு மழை இரவு
விளக்கில் எண்ணெய் மிச்சமிருந்தது.
பெயர்களை விரல் வைத்து எண்ணிப் போனேன்.
வீங்கிய காலெல்லாம் சீனக் கொட்டகைகளில்.
ரயில் பாதையில் கல் சுமக்கும் நம்மாட்கள்
அதே ஈரத்தில் படுத்தார்கள்,
குடித்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள்.
கால் மட்டும் வீங்கவில்லை.

“அவர்கள் தின்பது தீட்டிய பச்சையரிசி.
இவர்கள் தின்பது புழுங்கல்” என்றேன்.
வாய்க்குப் போன கவளத்தை நிறுத்தி
நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
“சோற்றிலா?”
பிறகு தின்றார்.
மூன்று நாள் என்னோடு பேச்சில்லை.
கோபமில்லை, யோசித்தால் அப்படித்தான்.

நாலாம் நாள் செட்டியார் கடையில்
கடனுக்கு மூன்று மூட்டை.
போத்தலுக்குப் பதில் படியால் அளந்தார்.
முகர்ந்தார்கள், வாசலிலேயே கொட்டினார்கள்.
பன்றித் தீனி கொடுக்கிறான் பரியாரி என்று சந்தையில் பேச்சு.
எங்கள் சேவல்கள் கொழுத்தன,
கண் தெரியாததும்.

ஒருவன் தின்றான். ஹியூ யோங், தச்சன்,
வேறெதையும் வாங்கக் காசில்லாதவன்.
ஏழாம் கிழமை நடந்தே வந்து
ஒழுகும் எங்கள் கூரைமேல் ஏறிவிட்டான்.
ஆணிச் சத்தம் கேட்டு நான் சிரித்தேன்.
இவர் கீழே நின்று அவன் கணுக்காலையே பார்த்தார்.
“ஒருவன் கணக்கில்லை. இருநூறு பேர் வேண்டும்.”
பெரிய ஆஸ்பத்திரித் துரைக்கு எழுதியதை
மூன்று தரம் கிழித்தார். நாலாவது போயிற்று.
பதில் வந்தது: நன்றி. ஈரத்தைக் கவனிக்கவும்.

அவரைக் கொண்டுபோனது கால் வீக்கமில்லை.
கோம்பாக் ஆறு பெருகிய இரவு, அக்கரையில் பிரசவம்.
பிள்ளை பிழைத்தது.
இவருக்கு ஒன்பது நாள் குளிர்காய்ச்சல்.
கடைசியாக என் கையைப் பிடித்தார் என்றுதான்
எல்லாரும் நினைத்தார்கள்.
தன் நாடியை எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

திரும்பி வா என்று தமையன் எழுதினான்.
நான் அரிசிக்கடை போட்டேன்.
புழுங்கல் மட்டும்,
பச்சையரிசியைவிடப் படிக்கு ஒரு காசு கூட.
மருந்தென்றால் கொட்டுகிறவர்கள்
விலை கூடவென்றால் வரிசையில் நின்றார்கள்.

கடன் பெயர்களை அதே புத்தகத்தில் எழுதினேன்.
வருகிறவன் காலைப் பார்ப்பேன், பிறகு முகத்தை.
இருநூறாவது பெயர் ஒரு பாண் சுடுகிறவன்,
நல்ல கால்கள்.
அன்று கடையை நேரத்தோடு பூட்டினேன்.
இருந்திருந்தால்
முன்னூறு வேண்டும் என்றிருப்பார்.