கதவு திறக்கப்பட்டது

கையேட்டை எழுதியவர்
கோத்தகிரிக்கு வந்ததில்லை.
வந்திருந்தால்
நீராவியின் வெப்பநிலை நூறு என்று
அவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்க மாட்டார்.

கொதிகலனின் மூச்சு ரப்பர் குழாயில் ஏறி
பித்தளை அறையை முட்டுகிறது.
தொண்ணூற்று நான்கில் நிற்கிறது பாதரசம்.
தட்டிப் பார்த்தேன். அடுப்பைக் கூட்டிப் பார்த்தேன்.
தொண்ணூற்று நான்கு.
அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு உலைப்பானைகூட
இதைவிட முயற்சி செய்யும்.

"சீனியர் ரெக்கார்டுல தொண்ணூத்தெட்டு"
என்கிறான் பக்கத்து மேசை தேவசகாயம்.
அந்த சீனியரின் சீனியருக்கும் அதேதான்.
எட்டு வருடமாக ஒரே நீராவி
நோட்டு விட்டு நோட்டு பாய்கிறது,
ஆறாமல்.

பெனடிக்டா 94 என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து
ஒரு புள்ளியும் பூச்சியமும் சேர்த்தாள்.
பூச்சியம் எதற்கு என்றேன்.
"பாத்தோம்னு அர்த்தம்."

நடுவில் வைக்கும் அட்டை
போன மழையில் உப்பிப் பிளந்துவிட்டது.
தேயிலைப் பெட்டியிலிருந்து புது வட்டம் ஒன்றைக்
கத்தரித்துத் தந்திருந்தார் லேப் உதவியாளர் போஜன்.
அதன் முதுகில் மிச்சமிருந்தது
'ஈரம் படாமல்'
என்ற பாதி வாக்கியம்.

ஸ்க்ரூ கேஜின் தலை
மூன்று முறை கிர்ரென்றால் போதும்.
அதற்கு மேல் திருகினால்
நாம் அளப்பது நம் முரட்டுத்தனத்தை.
முதல் வாரம் ஒரு அட்டையை நசுக்கியபின்
விரலுக்கு இது தெரியும்.
எதையுமே கவ்வாதபோதும்
இந்தக் கருவி மூன்று பிரிவு காட்டும்;
எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும்.
ஐந்து இடத்தில் அளந்தோம், ஐந்து தடிமன்.
எது சரியான விடை என்று
பன்னிரண்டாம் வகுப்புக்காரன் உள்ளிருந்து கேட்டான்.
அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு தட்டை மூன்று நூலில் தொங்கவிட்டு
ஆறுவதைப் பார்க்க வேண்டும்.
அரை நிமிடத்துக்கு ஒருமுறை
அவள் "இப்ப" என்பாள்,
நான் குனிந்து, கண்ணைப் பாதரசத்துக்கு நேராக்கி,
எழுபத்தாறு.
இப்ப.
எழுபத்தைந்தரை.
இப்ப.
கண்ணாடி மூடிக்கொண்டது என் மூச்சிலேயே.
துடைக்கத் துணி இல்லை. பை வராந்தாவில்.
"நான் படிக்கிறேன், போய்ட்டு வா" என்றாள்.

போனேன்.
என் பின்னால் மூடாத கதவு வழியாக
மஞ்சு வந்தது,
ஹாஜர் கொடுக்க வந்த மாதிரி
இரண்டாம் வரிசை மேசை வரைக்கும்.

அரை டிகிரி விழுந்த இடத்தில்
ஒரு டிகிரி விழுந்தது.
கிராஃபில் ஒரு பள்ளம்.
அதுவும், தொடுகோடு வரைய வேண்டிய
அதே எழுபத்தொன்றில்.

"அழிச்சுட்டு வளைவை இழு" என்றான் தேவசகாயம்,
ரப்பரையும் நீட்டினான். நல்லவன்.
நான் வாங்கிக்கொண்டேன்.
பெனடிக்டா மறுபடி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள்.
நாலு நாற்பது கட்டபெட்டு பஸ்
அவள் இல்லாமல் வளைவில் ஹாரன் அடித்துப் போனது.
கதவுக்கு ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்தோம்.

அன்றிரவு விடுதியில்
பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழ்
'கதவு திறக்கப்பட்டது' என்று எழுதினேன்.
ரெக்கார்டில் எல்லாம் அப்படித்தான்:
எடுக்கப்பட்டது, அளக்கப்பட்டது, கண்டறியப்பட்டது.
ஆளே இல்லாத அறையில்
பித்தளை தானாய்ச் சூடாகி, தானாய் ஆறும்.
மறுநாள் அவள் நோட்டைத் திருப்பித் தந்தபோது
ஓரத்தில் பென்சிலில் ஒரே சொல்:
யாரால்?

விடை, புத்தகம் சொல்வதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.
வைவாவில் எமரன்சியா மேடம் புருவம் தூக்கினார்.
அட்டை ஈரத்தைக் குடித்திருக்கலாம் என்றோம்.
"இருக்கலாமா? எடை போட்டீங்களா?"
இல்லை.
பத்துக்கு ஆறு.

இப்போது அந்த வட்டம்
நூறு வாட் பல்புக்குக் கீழே காய்கிறது.
காலையில் இருந்ததைவிட
ஒன்றேகால் கிராம் குறைந்திருக்கிறது.
புதன்கிழமை மூன்றாம் பீரியடு லேப் காலி.
கதவருகே ஸ்டூலில்
நான் உட்கார்ந்துகொள்கிறேன்.