வெற்று எடை

எனக்கு இரவுப் பணி.
கபிரி எம்போஷி எடைமேடையில்
லாரிகள் ஏறும், நிற்கும், பெருமூச்சு விடும்.
திரையில் சிவப்பு எண்கள்
தள்ளாடித் தள்ளாடி ஒன்றில் அமரும்.
அமர்ந்ததை எழுதுவேன்.
எழுதியது மாறாது.

மாறாது என்பது முழு உண்மையில்லை.
பிப்ரவரியில் ஒருமுறை மாற்றினேன்.
மகள் முசோண்டாவின் பள்ளிக் கட்டணம்;
இருநூறு குவாச்சாவுக்கு
நானூறு கிலோ காற்றில் கரைந்தது.
ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் வாங்கிப்
பதினோரு வருடம் ஆன பிறகுதான் இது.
அதிலிருந்து சாலைக் குழி ஒவ்வொன்றிலும்
பேருந்து என்னை மட்டும் தூக்கிப் போடுகிறது.

இன்று ராத்திரி இரண்டே முக்காலுக்கு
ம்வகலிங்காவின் லாரி.
எல்லை தாண்டி வந்த சிமெண்டு.
அறுநூற்று இருபது கிலோ அதிகம்.
ஜன்னல் சந்து வழியே
ஒரு பிஸ்கட் பொட்டலம் வந்தது,
அதன் அடியில் நான்காக மடித்த நோட்டுகள்.
பிஸ்கட்டையும் சேர்த்துத் தள்ளினேன்.
வேண்டியதைவிட வேகமாகவே தள்ளினேன்.
கீழே விழுந்து உடைந்தது.

"நீ யாரென்று நினைப்பு உனக்கு?"

திட்டுதான். கேள்வியில்லை.
அவர் போன பிறகும் அது போகவில்லை.
எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொண்டது.

யார்?
கசோண்டே. பெயர்ப்பட்டையில் ஓர் எழுத்து தப்பு.
சீருடை அரசாங்கத்தது.
பிப்ரவரிக்காரி ஒருத்தி உள்ளே இருக்கிறாள்,
தலை குனிந்தபடி.
இப்போது புதிதாக இன்னொருத்தி,
"பார், நான் வாங்கவில்லை" என்று
தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிறவள்.
இவளுடைய பாரம்தான் கூடுதலோ என்று
எனக்குச் சந்தேகம்.

லாரிகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை.
சரக்கையெல்லாம் இறக்கினால் என்ன மிஞ்சும் என்பது
கதவிலேயே வெள்ளை எழுத்தில் இருக்கும்.
என் கதவில் என்ன எழுதியிருக்கிறது,
எழுதியது யார்?

மேடையைவிட்டு அது நகரும்போது பார்த்தேன்.
உதவிக்கு வந்த பையன்
முன் இருக்கையில் வாயைத் திறந்து தூங்குகிறான்.
அவனை யாரும் தனியாக நிறுக்கவில்லை.
லாரிக்குள் இருக்கிறான்;
லாரியின் எடையே அவன் எடை.
பாலம் கடந்தால் அவனும் கடந்தான்.
விழித்திருந்து அவன் செய்ய ஒன்றுமில்லை.

கிறிஸ்துவுக்குள் என்று
ஞாயிறுதோறும் வாயால் சொல்லும் சொல்
திங்கள் ராத்திரி மூன்று மணிக்கு
டீசல் புகையில் எனக்குப் புரிந்தது.
புரிந்ததும் கொஞ்சம் அழுதேன்.
பிறகு மூக்கைச் சிந்திவிட்டு
அடுத்த லாரியை ஏறச் சொன்னேன்.

விடிந்ததும் ஒதுக்குப்புறத்துக்குப் போனேன்.
பாதி மூட்டையை இறக்கும்வரை
அவர்கள் அங்கேதான் கிடக்க வேண்டும்.
என் டப்பாவில் நஷிமா, வறுத்த கபெந்தா,
பிளாஸ்கில் தேநீர்.
"பிஸ்கட்டுக்கு மன்னியுங்கள்" என்றேன்.
ம்வகலிங்கா அபராதச் சீட்டை நீட்டினார்.
"இதைக் கிழித்துவிட்டுச் சோறு கொடு."
கிழிக்கவில்லை.
சோற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டும் வரவில்லை.
பையன் எழுந்து, கை கழுவாமல், இருவர் பங்கையும் தின்றான்.
நன்றியென்று யாரும் சொல்லவில்லை.
அது எனக்கு உறுத்தவும் செய்தது;
மாலைக்காரி இன்னும் சாகவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பும்போது
எடைமேடை மேல் நடந்தேன்.
ஐம்பத்தெட்டு கிலோவை அது சட்டை செய்யாது.
திரையில் பூஜ்யம் அசையவில்லை.
சிரிப்பு வந்தது.

எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் சிலெஷே வருவார்.
பிப்ரவரியைச் சொல்லப்போகிறேன்.
வேலை போகலாம். கட்டணம் நிற்கலாம்.
முசோண்டாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
நான் யாரென்று மட்டும்
சிலெஷேயின் காகிதம் தீர்மானிக்காது.

ஏழு ஐம்பது.
தொண்டை வறண்டிருக்கிறது.
தேநீரைத்தான் கொடுத்துவிட்டேனே.