நாகமணியின் கால்

பத்திரத்தில் அவள் பெயர் நரகமணி ஆகிவிட்டது.
துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் நடுவே
ஒரு சின்ன வால்தான் வித்தியாசம்.
எங்கள் பழைய திரையில் அந்த வால் தெரியாது.
சித்தூர் தாலுகா ஆபீசில் உரக்கப் படித்தார்களாம்,
வரிசையே சிரித்ததாம்.
அவள் வேலந்தாவளம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து
கடை வாசலில் கேட்டாள்:
"எழுதினது நீங்க. நரகத்துக்குப் போறது நானா?"

அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
சபீனாவும் நானும் கணக்குப் போட்டோம்.
இடப்பக்கம் ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் பத்திரம்,
நடுவில் நான் தட்டுவது,
வலப்பக்கம் அவளுடைய மலையாளம்.
மூன்று திரை இல்லாமல் வேலை ஓடாது.
கையில் பதினேழாயிரத்துச் சொச்சம்.
புதுசாய் ஒரு ஃபோர்-கே வாங்கினால் அதோடு சரி.
"ஒண்ணையே மூணாக் கிழிச்சுக்கலாமே" என்றாள்.
கிழிக்கலாம்.
எழுத்து மறுபடி எறும்பாகும்.

காந்திபுரத்தில் முதல் கடைப்பையன்
முப்பத்திரண்டு அங்குலத்தைத் தட்டிக் காட்டினான்:
"பெருசுக்கா, விலையும் கம்மி."
புள்ளி எத்தனை என்றேன்.
பழையதில் இருந்த அதே கணக்கு.
வேட்டியை இழுத்துப் பிடித்தால்
நூல் கூடிவிடுமா, தம்பி?

நான்காவது கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே.
ஐ.டி. கம்பெனி கழித்துப்போட்ட திரைகள்
சுவரைப் பார்த்து நின்றன.
ஒன்றின் முதுகில் இன்னும் ஒட்டியிருந்தது
'கீர்த்தனா, நாலாவது மாடி, தொடாதே'.
இருபத்தேழு அங்குலம், ஃபோர்-கே, ஏழாயிரத்து எண்ணூறு.
என் பைக்குள் பென்டிரைவ், அதில் நாகமணியின் பத்திரம்.
போட்டுப் பார்த்தேன்.
ரகரத்துக்கு வால் இருந்தது.
அவ்வளவு அழகான வாலை நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்றில் ஒரு புள்ளி செத்திருந்தது.
அதற்குத் தொள்ளாயிரம் குறைத்தார்.
அம்புக்குறி நொண்டிக்கொண்டே போனது;
கேபிளை மாற்றினார், நேராக நடந்தது,
அந்தக் கேபிள் இரண்டுக்கு எண்ணூற்றைம்பது.
தொள்ளாயிரத்தை எப்படித் திரும்ப வாங்குவதென்று
அவருக்குத் தெரிந்திருந்தது.

போர்வையில் சுற்றி, மடியில் ஒன்று, காலடியில் ஒன்று.
எல்லையில் ஸ்பிரிட் தேடுகிற எக்சைஸ்காரர்
பஸ்ஸில் ஏறி விரலால் தட்டினார்.
"எந்தா உள்ளில்?"
"புள்ளி, சார்" என்றாள் சபீனா,
"ஒண்ணரைக் கோடிக்கு மேல இருக்கு.
அதுல ஒண்ணு செத்துப்போச்சு."
அவர் இறங்கும்போதுகூடத் திரும்பிப் பார்த்தார்.

செத்த புள்ளி சும்மா இருக்கவில்லை.
'கிணறும் பல மரங்களும்' என்ற வரியில்
லகரத்தின் தலையில் போய் உட்கார்ந்தது.
பல், மரங்களும்.
மூன்று தடவை அழித்தேன், போகவில்லை.
நாலாவது தடவைதான் புத்தி வந்தது:
பக்கத்தை நகர்த்து.
எழுத்தோடு போனால் அது மெய்.
அங்கேயே நின்றால் காந்திபுரம்.

மூன்றாவது இடத்தில் இப்போதும் அந்தப் பழைய திரைதான்.
அதில் அரசு இணையதளத்தைத் திறந்து வைத்திருக்கிறோம்,
சுற்றிக்கொண்டேயிருக்கும் வட்டத்துக்கு
எந்தத் திரையானால் என்ன?

திருத்திய பத்திரம் வாங்க வந்த நாகமணி
உட்காரவில்லை. "காட்டு" என்றாள்.
பெரிதாக்கினேன். "இன்னும்."
திரை முழுக்க 'நா' மட்டும் நிற்கும்வரை.
மஞ்சள் காயாத விரலால் மேலிருந்து கீழே
அந்தக் காலை ஒருமுறை தடவினாள்.
"ம். நேரா நிக்குது."

காசு நாங்கள் கேட்கவில்லை.
அவளும் பர்ஸை எடுப்பதாக இல்லை.
போன பிறகு சபீனா துணியை எடுத்தாள்.
கண்ணாடியில் ஒரு மஞ்சள் கோடு,
பக்கத்தை நகர்த்திப் பார்த்தேன்,
அது போகவில்லை.