ஒற்றைக் காலில்

மூன்றாம் தடவை இடது கணுக்கால் பிரண்டது.
அலைகூட இல்லை.
இருபது வருசமாய் மிதித்த அதே பார்,
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் கல்.

ராமநாதபுரத்தில் படம் பிடித்தார்கள்.
எலும்பில் ஒன்றுமில்லையாம்.
"கண்ணை மூடி அந்தக் காலில மட்டும் நில்லுங்கக்கா"
என்றான் பிசியோ நவ்சாத்.
நாலு எண்ணுமுன் அவன் மேசையைப் பிடித்தேன்.

ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று
என்னை ஏசாதவர் சின்னப்பாலத்தில் குறைவு:
செபஸ்தியானைக் கட்டியதற்கு,
சங்கக் கடனுக்கு,
தீவுப்பக்கம் வராதே என்ற வனத்துறையிடம்
வருவேன் என்றதற்கு.
நிஜமாய் நிற்கச் சொன்னால் நாலு.

தசைநார் கிழிகையில்
சேதி சொல்லும் நரம்பும் அறுந்திருக்கும் என்றான்.
கால் பேசுவது குறைந்தால்
சிறுமூளை கேட்பதைக் குறைத்துக்கொள்ளுமாம்.
சிலருக்கு அந்த இடமே மெலிந்திருக்கிறதாம்.
மெலிந்ததால் பிரண்டதா,
பிரண்டு பிரண்டு மெலிந்ததா?
"அது யாருக்கும் சரியாத் தெரியாதுக்கா."
அந்தப் பதில் பிடித்தது.

டவர் எட்டாத வள்ளத்துக்கு
எத்தனை தடவைதான் போன் அடிப்போம்.

இப்போது தினமும்
பாசிச் சாக்கை நாலாய் மடித்து அதன்மேல்.
பல் விளக்கும்போது.
சோறு வடிக்கும்போது வேண்டாம் என்றுவிட்டான்.
முனியாச்சி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று
மீன் வருதா என்கிறாள்.

நேற்று, கண்ணை மூடி, ஒன்பது, பத்து,
பாலத்தில் ரயில் ஏறியது போலும்.
காதுக்கு முன்னால் இடது கால் சொன்னது.
உள்ளே யார் எடுத்தார்கள் தெரியவில்லை.

பதினொன்றில் விழுந்தேன்.