நரித்திட்டுப் பதிவேடு

பேரணைக்குக் கீழே வைகை
இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில்
ஒரு ஏக்கர் எழுபது சென்ட் மேடு.
தகரக் கொட்டகை, கையால் சுற்றும் சைரன்,
நூறு மீட்டர் நைலான் கயிறு,
ராத்திரியில் காற்று இறங்கிவிடும் ரப்பர் படகு,
ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு மிதவை வளையம்,
நான், லஸ்கர் ஒச்சப்பன்.
வெள்ளக் கால மீட்பு நிலையம் என்கிறது போர்டு.
ஆறு வருஷமாக
வெள்ளமும் வரவில்லை, காலமும் போகவில்லை.

காலை ஆறு மணிக்கு அளவுகோல் பார்க்க வேண்டும்.
ஒச்சப்பன் அதற்கு முன்னாலேயே
ஆட்டைப் பார்த்துவிடுவான்.
ஏழு வெள்ளாடு, ஒரு கிடா,
கறவை நிற்கப்போகிற பசு.
'நீர்மட்டம் அரை அடி' என்று நான் எழுதும்போது
"சினையாடு தண்ணி குடிக்கலண்ணே" என்பான்.
அதை எழுதப் பத்தி இல்லை.

ஆபீசுக்குத் தெரியாது.
ஜீப் வருகிற நாளில் ஆடுகள்
முழங்கால் தண்ணீரில் அக்கரைக்குப் போகும்,
சம்பளம் வாங்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக.
கோழியைத்தான் ஒளிக்க முடியவில்லை.
வளையத்துக்குள் வைக்கோல் இழுத்துப் போட்டு
அடை உட்கார்ந்திருந்தது.
"என்னய்யா இது?"
"வளையம் சார்."
"உள்ளே?"
"ட்யூட்டியில இருக்கு சார்."
இன்ஜினியர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

உயிர் மீட்பு: இல்லை.
இல்லை. இல்லை. இல்லை.
எழுதி எழுதி அந்த ஒரு சொல்லில் மட்டும்
என் கையெழுத்து அழகாகிவிட்டது.

ஐப்பசியில் அணை அறுபத்தொன்பதைத் தொட்டது.
சைரன் சுற்றித் தோள் வலித்த இருட்டில்
நடு ஆற்றில் ஒரு மணல் வண்டி.
எத்தனையோ ராத்திரி டார்ச் அடித்து
நாங்கள் விரட்டிய அதே வண்டி.
தென்கரை மாயழகு என்று பேர் பிறகுதான் தெரியும்.
"காப்பாத்துங்க" என்று அவன் கத்தவில்லை.
"மாட்ட அவுத்து விடுங்க" என்றுதான் கத்தினான்.

ஒச்சப்பன் கோழியை இரண்டு கையாலும் தூக்கி
ஓரமாக விட்டான்.
பதினோரு முட்டையை என் வேட்டி மடியில் கொட்டினான்.
வைக்கோலும் இறகும் சிதற வளையம் பறந்தது.
முட்டை உடையாமல் ஒரு ஆளை
எப்படி இழுப்பது என்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.
நாலு உடைந்தது. ஆள் வந்து சேர்ந்தான்.
ஒச்சப்பன் அரிவாளைக் கடித்துக்கொண்டு நீந்திப் போய்
பூட்டாங்கயிற்றை அறுத்தான்.
மயிலை கரையேறியது.
செவலை ஏறவில்லை.

மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை.
மாயழகு எங்களோடு பேசவில்லை.
எங்கள் பசுவைக் கறந்தான்,
எங்களுக்கு ஒரு படி தந்த மடி
அவனுக்கு ஒன்றரைப் படி தந்தது.
நொண்டும் ஆட்டின் குளம்பைச் சீவிவிட்டான்.
மயிலை எப்போதும் இடப்பக்கம் பூட்டுகிற மாடாம்.
கட்டாத வெறும் தரையிலும்
வலப்பக்கம் ஒரு மாட்டுக்கு இடம் விட்டே நின்றது.
கிடா அந்த இடத்தில் போய்ப் படுத்தபோது
கொம்பால் தள்ளியது, மெதுவாக.

உயிர் மீட்பு: இரண்டு.
உயிரிழப்பு: ஒன்று.
ஆற்றில் இறங்கிய காரணம்: மாடு மேய்க்க.

மேலிருந்து சிவப்பு மையில் வந்தது திருத்தம்.
மீட்பு ஒன்று. இழப்பு இல்லை.
மேய்க்க என்பதன் கீழே மட்டும் ஒரு கோடு,
ஒன்றும் கேட்கவில்லை.

வளையத்தைக் கழுவிக் காயவைத்து
ஆணியில் மாட்டினோம்.
இரண்டாம் நாள் பார்த்தால் கீழே கிடக்கிறது,
உள்ளே வைக்கோல்.
யார் எடுத்துப் போட்டது என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இன்று நீர்மட்டம் ஒன்றே கால் அடி.
மழை இல்லை.
சினையாடு தண்ணீர் குடித்தது.
எழுதியிருக்கிறேன்,
ஓரத்தில், பென்சிலால்.