பொறவு

ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற ஆடிக்காற்று
வள்ளியூரில் எங்கள் தெருக் கரண்டை மட்டும்
பிடுங்கிக்கொண்டு போன ராத்திரி.
காற்றாலையில் எண்பது மீட்டர் ஏறி இறங்கிய கால்
பாயில் நீட்டிய பிறகும்
ஏணிப்படி தேடுகிறது.
இந்தத் தோளில் சுயம்பு, அந்தத் தோளில் வடிவு.

"ஒரே ஒரு ஊர்ல" என்றேன்.
"ம்" என்றாள் வடிவு.
"ம்" என்றான் அவன், கொஞ்சம் பிந்தி.
எங்கள் வீட்டில் கதைக்குக் கூலி அவ்வளவுதான்,
வரிக்கு ஒரு ம்.

உப்பு வண்டியில் ஒளிந்து ஏறுகிறது ஒரு நரி.
மூட்டையைக் கடித்து ஓட்டை போடுகிறது,
நக்குகிறது.
"எத்தன மூட்ட?"
"மூணு."
"நேத்து ஏழுன்னிய."
ஏழுதான். தப்பை ஒப்புக்கொண்டு
மீதி நாலையும் நக்கவிட்டேன்.

வண்டிக்காரன் உறங்குகிறான்.
மாட்டுக்கு வழி தெரியும்.
நரிக்குத் தாகம்.
கிணற்றைக் குடித்தது, பற்றவில்லை.
குளத்தைக் குடித்தது.
வயிற்றுக்குள்ளிருந்து தவளை கத்த வேண்டும் இப்போது,
அது சுயம்புவின் வேஷம்.
கத்தினான்.
பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.
அப்புறம் நம்பியாற்றுக்கு வந்து குனிந்து
ஆற்றையும் குடித்தது நரி.
நாங்க எங்க போவோம் என்றன மீன்கள்.
உள்ள வாங்க, எடம் கெடக்கு என்றது.

எப்போதும் இந்த இடத்தில்தான்
இரண்டு ம்மும் மூச்சாகிப் போகும்.
சட்டையை விரல் விரலாக விடுவித்துக்கொண்டு
சாப்பிடப் போவேன்.
இன்று சுயம்பு அடங்கிவிட்டான்.
வடிவு மட்டும் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு
"பொறவு?"

"பொறவு என்ன, உறங்கு."
"ஞாயித்துக்கெழம பாலத்துல பாத்தேன்.
ஆத்துல இன்னும் தண்ணி வரல."

எனக்குத் தெரியாது பொறவு.
லிங்கத்துரை அண்ணன் சொன்ன கதை இது,
ஒரே போர்வைக்குள்,
அம்மாவுக்கு எட்டாத குரலில்.
ஆறு வற்றும்போது எனக்கு உறக்கம் வந்துவிடும்.
முப்பது வருஷமாக அந்த நரி
வயிறு முட்டக் கரையிலேயே நிற்கிறது.

"வயிறு வெடிச்சிச் செத்துப்போச்சி"
அடுக்களையிலிருந்து பகவதி.
"எங்க ஊர்ல அது நரியே இல்ல, கரடியாக்கும்."
"நீ சும்மா இரும்மா" என்றாள் வடிவு.
"இது அப்பாவுக்க நரி."

போன் போட்டேன்.
திருப்பூரில் மிஷின் சத்தத்துக்கு நடுவே
"யாருக்குலே என்ன?" என்று பதறினான் அண்ணன்.
ராத்திரி பத்து மணிக்கு
வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்.
"ஒண்ணுமில்லண்ணே.
அந்த நரி, ஆத்தக் குடிச்ச பொறவு என்ன செஞ்சிது?"

மிஷின் மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
அப்புறம் சிரிப்பு.
"எனக்கென்னலே தெரியும்.
கிணத்தோட முடிஞ்ச கததான் அது.
நீ உறங்கல, கொளத்தக் குடிக்க வச்சேன்.
அப்பயும் முழிச்சிக்கிட்டு கெடந்த, ஆத்தக் குடிக்க வச்சேன்.
கடல் வரைக்கும் யோசிச்சி வச்சிருந்தேன்,
தேவப்படல.
பிள்ளைட்ட குடு."

காதோடு அமுக்கிக்கொண்டாள் போனை.
"ம்."
போன் வெளிச்சத்தில் பாதிக் கன்னம் நீலமாயிருந்தது.
"ம்."
ஓட்டுக்கு மேலே காற்று.
"ம்ம்?" என்று ஒரு கேள்வி. பிறகு நீளமாக ஒரு
"ம்."
எத்தனையாவது ம்மில் உறங்கிப்போனேன் என்று
எனக்கே தெரியவில்லை.

விடிந்தபோது கரண்டு வந்திருந்தது.
சார்ஜ் தீர்ந்த போன் பாய்க்கடியில் கிடந்தது.
வாசல் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.
வாய் நிறைய நுரையோடு
ஏதோ சொன்னாள், நிறையச் சொன்னாள்,
பிரஷ் பிடித்த கையைக் கடல் அகலத்துக்கு விரித்து.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன்.
"ம்" என்றேன் நான்.