முதுகுப் பக்கம்

பில்பாவோவில் அன்றைக்கு மழை என்றும் சொல்ல முடியாது,
குடையை மடக்கவும் விடவில்லை.
கடைக்குள் நுழைந்ததும் நெகானே
காலணியைக் கழற்றிவிட்டாள், யாரும் கேட்காமலே.
அவ்வளவு வெள்ளை அங்கே.

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்த மிலாக்ரோஸ்
அவளை ஒருமுறை சுற்றி வந்தாள்.
சந்தையில் மாடு பார்ப்பதுபோல என்று சொல்ல மாட்டேன்;
சரி, சொல்லிவிட்டேன்.
பேரிக்காய் உடம்பு உண்டாம், ஆப்பிள் உடம்பு உண்டாம்,
மணற்கடிகாரம் அமைவது அபூர்வமாம்.
"உங்களுடையது தலைகீழ் முக்கோணம்.
கவலைப்படாதீர்கள், மறைத்துவிடலாம்."

மறைக்கும் வேலை பதினொரு மணிக்குத் தொடங்கியது.
ஆழக் கழுத்து வைத்த ஒன்று, தோளை ஒடுக்கிக் காட்டுமாம்.
இடுப்புக்குக் கீழே குடையாய் விரிந்த ஒன்று:
"பார்க்கிற கண் கீழே போய்விடும், மேலே ஏறாது."
லேஸ் கை வைத்தது முழங்கையைத் தாண்டவில்லை.
மீன்வால் கவுனில் முட்டி இரண்டும் ஒட்டிக்கொள்ள
தத்தித் தத்தி வந்தவளிடம்
"நெத்திலிகூட இதைவிட நன்றாக நடக்கும்" என்றேன்.
சிரித்தாள். ஆனாலும்
ஒவ்வொன்றையும் கழற்றும்போது
"மன்னிக்கணும்" என்று முணுமுணுத்தாள்.
எங்களிடம் இல்லை, துணியிடம்.

நான் யார் என்று சொல்லவில்லையே.
அவள் துடுப்புப் போடும் படகுக்கு நான் சுக்கான்.
பதின்மூன்று பெண்கள் என்னைப் பார்த்து உட்கார்ந்து
தங்களுக்குத் தெரியாத திசைக்கு இழுத்துப் போவார்கள்.
ஒன்பது கோடையாய் நெகானேயின் முகம் எனக்கு மனப்பாடம்.
எந்த அலையில் பல்லைக் கடிப்பாள்,
எந்தத் திருப்பத்தில் என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவாள்.
பின்னால் வரும் படகு எங்களை நெருங்குவதை
முதலில் அவள் கண்ணில்தான் பார்ப்பேன்.

ஏழாவது கவுனுக்கு ஜிப் ஏறவில்லை.
மிலாக்ரோஸ் இழுத்தாள்.
தையல்காரி ஒய்யானா, வாயில் நாலு குண்டூசியோடு, இழுத்தாள்.
"மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்."
மூச்சை இழுத்தால் அவளுக்கு முதுகு விரியும்;
படகில் அதற்குத்தானே பழக்கியிருந்தேன்.

படார்.

கழுத்தடியிலிருந்து இடுப்புவரை
தையல் வாய் பிளந்துகொண்டது.
ஒன்பது வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன் அந்த முதுகை.
பனியன் பட்டை மறைத்த இடம் மட்டும் வெளுத்து,
மற்றதெல்லாம் ரொட்டி நிறத்தில்,
இரண்டு பக்கமும் கல் அடுக்கிய அலைதடுப்பாய்த் தோள்பட்டைகள்,
நடுவே துறைமுகத்துக்குள் நுழையும் கால்வாய்போல ஒரு பள்ளம்.
இதுதானா எங்களைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தது?

"காசு நான் கொடுத்துவிடுகிறேன்,"
நெகானேயின் குரல் உடைந்துவிட்டது.
குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பினாள் ஒய்யானா.
"தேவாலயத்தில் சனங்கள் எங்கே உட்காருவார்கள்?"
"பின்னால்."
"ஒரு மணி நேரம் உட்கார்ந்து எதைப் பார்ப்பார்கள்?"
பதிலுக்குக் காத்திராமல் கத்திரியை எடுத்தாள்.
மிலாக்ரோஸ் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கிழிந்த ஓரத்தைக் கிழிந்த வாக்கிலேயே மடித்து
இடுப்புவரை ஊசி குத்தி இறக்கினாள்.
முன்பக்கம் ஒன்றுமே இல்லை,
கழுத்துவரை மூடிய வெறும் வெள்ளைத் துணி.

ஒரு கண்ணாடி போதவில்லை.
இன்னொன்றை நான் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், கை கடுக்கும்வரை.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்,
வேறு யாரையோ பார்ப்பதுபோல.
"கெபா பக்கத்தில் நிற்பானே, அவனுக்கு இது தெரியாதே."
"அவனுக்குத் தெரியாததா" என்றேன்.
காதுவரை சிவந்தாள்.

கல்யாணம் அக்டோபரில்.
செப்டம்பர் முடியப் பந்தயம் இருக்கிறது,
பனியன் தடம் இன்னும் அழுத்தமாய் விழும்.
"அதற்கு ஒரு பவுடர் உண்டு, மறைத்து..." என்று
ஆரம்பித்தாள் மிலாக்ரோஸ்.
ஆரம்பித்ததோடு சரி.